வாண்டாங்கற போலந்து பேரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துல கிராக்குவ்ங்கற ஊர்ல நான் குடியிருக்கற வீட்டோட ஓனரம்மா பேரு வாண்டா. வயசு எழுபத்தஞ்சு தாண்டியாச்சு, இன்னும் மூணு மாடி படி ஏறி வந்து ஹீட்டர் சரியா ஓடுதான்னு பாத்துட்டு போவாங்க. இந்த பேரை நான் போன்ல சொன்ன நாள்ல இருந்து ஊர்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸுக்கு புதுசா வர்ற நம்ம பசங்க, மார்வெல் பைத்தியமான அக்கா பொண்ணு வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி கேள்வியா கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

முதல்ல, இதை எப்படிங்க சொல்லணும்? வாண்டாவா, வேண்டாவா?

ரெண்டும் இல்ல. போலிஷ்காரங்க சொல்றதை காதால கேட்டு அப்படியே தமிழ்ல எழுதினா "வந்தா"ன்னு தான் வரும். நிஜமாவே. அவங்க 'ட'ன்னு நாக்கை மடிக்க மாட்டாங்க, நம்ம 'ந்த' மாதிரி பல்லுல நாக்கு படும், முதல் எழுத்தும் குறில் தான். இங்கிலீஷ்காரங்க வாய்ல அது "வோண்டா" ஆகி, அங்க இருந்து நமக்கு "வாண்டா"வா வந்து சேந்துச்சு. நியாயமா பாத்தா நான் "வந்தா"ன்னு தான் எழுதணும், ஆனா "நேத்து வந்தா வந்தா"ன்னு ஒரு வாக்கியம் எழுதி பாருங்க, யாரு வந்தான்னே புரியாது, அதனால எல்லாருக்கும் பழகின வாண்டாவே இருந்துட்டு போகட்டும். போலந்து பக்கம் வந்தா மட்டும் வந்தான்னு கூப்பிடுங்க.

சரி, அர்த்தம் என்ன? ஒரே வரியில சொல்லு.

ஒரே வரியில சொல்ற மாதிரி இருந்தா இவ்ளோ நீளமா எழுத மாட்டேன். குழந்தைப் பேர் போடற சைட்டுகள்ல பாத்தா "அலைந்து திரிபவள்"னு ஒரே போடா போட்டிருப்பாங்க. எங்க இருந்து பிடிச்சாங்கன்னா, வாண்டல்னு பழைய ஜெர்மானிய இனம் ஒண்ணு இருந்துச்சு, அந்த இனத்தோட பேருக்கு அப்படி ஒரு விளக்கம் உண்டு, அதை தூக்கிட்டு வந்து இந்த பேர்ல ஒட்டிட்டாங்க, அவ்ளோ தான். மொழி ஆராய்ச்சி பண்றவங்க யாரும் இதுதான் அர்த்தம்னு முடிச்சு வைக்கல. மூணு நாலு வாதம் இருக்கு, கீழ ஒவ்வொண்ணா வரும். ஆனா போலந்துல ஒருத்தர்கிட்ட போய் "வாண்டான்னா என்ன"ன்னு கேட்டா அவங்க சொல் அர்த்தம் சொல்ல மாட்டாங்க, நேரா ஒரு கதை சொல்லுவாங்க. எனக்கு என்னவோ அந்த கதை தான் இந்த பேரோட அர்த்தம்னு தோணுது, சொல்லு அப்புறம் தான்.

என்ன கதை அது?

இன்னைக்கு ஸ்கூல் பசங்களுக்கு சொல்ற மாதிரியே சொல்றேன். கிராக்குவ் ஊரை உண்டாக்கின ராஜா க்ராக். அவர் காலத்துல வாவெல் குன்றுக்கு அடியில குகையில ஒரு டிராகன் இருந்து ஆடு மாடெல்லாம் தின்னுச்சு, ஆட்டுத்தோல்ல கந்தகத்தை அடைச்சு வச்சு அதை ஏமாத்தி கொன்னாங்க, அது தனி கதை. அந்த ராஜாவோட பொண்ணு தான் வாண்டா. அப்பா செத்து, பசங்களும் ஒருத்தனை ஒருத்தன் அழிச்சுக்கிட்டு, கடைசியில நாடு பொண்ணு கைக்கு வந்துச்சு. ரித்திகியெர்னு ஒரு ஜெர்மன் இளவரசன், என்னை கட்டிக்கோ, இல்லைன்னா படையெடுப்பேன்னு ஆள் அனுப்பினான். கட்டிக்கிட்டா நாடு அவனுக்கு போயிடும், மாட்டேன்னு சொன்னா ஜனங்க சாவாங்க. வாண்டா என்ன பண்ணா, விஸ்துலா ஆத்துல குதிச்சுட்டா. அவ இல்லைன்னா அவன் கேக்கறதுக்கே ஒண்ணும் இல்லையே.

இதுதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவம். ஆனா இது முதல் வடிவம் இல்ல, அங்க தான் சுவாரஸ்யமே இருக்கு.

அப்ப முதல் வடிவத்துல என்ன இருக்கு?

முதல் வடிவத்துல வாண்டா சாகவே மாட்டா! போலந்தோட ரொம்ப பழைய வரலாற்று நூல்னா 1110கள்ல பேர் தெரியாத ஒரு துறவி லத்தீன்ல எழுதினது, கல்லுஸ்னு அவரை கூப்பிடுவாங்க, அதுல க்ராக்கும் இல்ல வாண்டாவும் இல்ல. வாண்டாங்கற பேரு முதல் முதலா ஏட்டுல வர்றது அதுக்கு கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, வின்சென்டி கத்வூபெக் எழுதின நூல்ல. இவர் 1208ல இருந்து 1218 வரைக்கும் கிராக்குவ் பிஷப்பா இருந்தவர், அப்புறம் பதவியை விட்டுட்டு மடத்துல சேந்து 1223ல இறந்தார். நல்லா படிச்ச மனுஷன், லத்தீன்ல அலங்காரம் பண்ணி எழுதறதுல ஆசை உள்ளவர்.

அவர் சொல்ற கதையில, அலெமான், அதாவது ஜெர்மன் நாட்டு கொடுங்கோலன் ஒருத்தன், நாட்டுல ராஜா இல்லைன்னு நினைச்சு படையோட வர்றான். வாண்டா தன் படையோட எதிர்ல வந்து நிக்கறா. அவ அழகை பாத்ததும் எதிரி படைக்கு என்ன ஆச்சோ, சண்டை போட மாட்டோம்னு திரும்பிடறாங்க. அந்த கொடுங்கோலன் இது காதலா அவமானமான்னு புரியாம தன் கத்தி மேலயே விழுந்து செத்துப் போறான். அதாவது சாகறது அவன், இவ இல்ல. வாண்டா கல்யாணமே பண்ணிக்காம ரொம்ப வருஷம் ஆண்டு, வாரிசு இல்லாம போறா. எனக்கு இந்த வடிவம் தான் பிடிச்சிருக்கு, ஏன் இதை மாத்தினாங்கன்னு கொஞ்சம் கோவம் கூட வரும்.

அப்ப ஆத்துல தள்ளி விட்டது யாரு?

பின்னாடி வந்தவங்க. கத்வூபெக்குக்கு அப்புறம் வந்த பெரும்போலந்து வரலாற்று ஏடுன்னு ஒண்ணுல, ஜெயிச்சதுக்கு நன்றிக்கடனா தெய்வங்களுக்கு தன்னையே பலி குடுத்து ஆத்துல குதிச்சான்னு வருது. 15ஆம் நூற்றாண்டுல யான் த்வூகோஷ்னு பெரிய வரலாற்றாசிரியர், 1415ல பிறந்து 1480ல இறந்தவர், அவர் இதை இன்னும் விரிச்சு எழுதி, எதிரிக்கு ரித்திகியெர்னு பேரும் வச்சார். ஆக அந்த ஏட்டுல இருந்த "ஜெயிச்சுட்டு நன்றிக்கு பலி" மெல்ல மெல்ல "கட்டிக்க பிடிக்காம குதிச்சுட்டா"ன்னு திரிஞ்சு போச்சு. கதை வாய்ல போகப் போக பொம்பளைய தான் ஆத்துல தள்ளுவாங்க போல.

அப்ப அப்படி ஒரு ராணி நிஜமா இருந்தாளா இல்லையா?

இருந்ததுக்கு எந்த ஆதாரமும் இல்ல. கத்வூபெக்குக்கு முன்னாடி எந்த ஏட்டுலயும் அந்த பேரே கிடையாது. அவரே உண்டாக்கின பாத்திரம்னு சொல்ற ஆராய்ச்சியாளர்கள் உண்டு, வாய்மொழியா ஏதோ பழங்கதை இருந்திருக்கும் அதுக்கு அவர் லத்தீன் சட்டை மாட்டி விட்டார்னு சொல்றவங்களும் உண்டு. எதுவா இருந்தாலும் ஒண்ணு நிச்சயம், இன்னைக்கு போலந்துல இருக்கற அத்தனை வாண்டாவுக்கும் பேர் வந்த வழி அந்த பிஷப்போட பேனா தான். ஓனரம்மாகிட்ட இதை சொன்னேன், "பிஷப் வச்ச பேரா, அப்ப ஞானஸ்நானம் சரியா தான் ஆயிருக்கு"ன்னு சிரிச்சாங்க.

தூண்டில்னு அர்த்தம்னு எங்கயோ படிச்சேனே, அது சரியா?

அது த்வூகோஷ் சொன்ன விளக்கம். போலிஷ்ல "வெந்தா"ன்னா தூண்டில், இப்ப பேச்சுல மீன் பிடிக்கற கழியை "வென்த்கா"ம்பாங்க. அவ அழகு ஆம்பளைங்களை தூண்டில்ல மீன் மாட்ற மாதிரி மாட்டுச்சு, அதனால வாண்டான்னு பேருன்னு அவர் சொல்றார். காதுக்கு பொருத்தமா இருக்கறதை வச்சு சொல்ற விளக்கம் இது, மொழியியல்காரங்க இதை சீரியஸா எடுத்துக்கறதில்ல. ஆனாலும் 1988ல வந்த ஒரு இங்கிலீஷ் காமெடி படத்துல தொட்டி மீனுக்கே வாண்டான்னு பேர் வச்சாங்க பாருங்க, த்வூகோஷ் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார். அவங்களுக்கு இந்த தூண்டில் கதை எல்லாம் தெரிஞ்சிருக்காது, தற்செயல் தான்.

மத்த வாதங்கள் இது. ஜெர்மன்காரங்க பக்கத்துல இருந்த ஸ்லாவிய ஜனங்களை (போலந்துக்காரங்களும் ஸ்லாவியர் தான்) வெண்ட், வெண்டன்னு கூப்பிடுவாங்க, அதுல இருந்து "வெண்ட் இனத்துப் பொண்ணு"ங்கற அர்த்தத்துல வாண்டா வந்துச்சுன்னு ஒண்ணு, ஜெர்மன் பேர் அகராதிகள்ல இது தான் அதிகம் வரும். இன்னொண்ணு தண்ணி. லிதுவேனிய மொழியில தண்ணிக்கு "வந்துவோ"ன்னு பேரு, அதனால வாண்டா ஆதியில ஒரு நீர்தேவதையா இருந்திருப்பா, ஆத்துல குதிச்ச கதையே அதோட மிச்சம்னு சொல்லுவாங்க. கேக்க அழகா இருக்கு, ஆனா ஒரு ஓட்டை இருக்கு: முதல் வடிவத்துல அவ ஆத்துல குதிக்கவே இல்லையே. கதையில தண்ணி வந்ததே பின்னாடி தான். நான் இதை நம்பறதில்ல.

பொது சொத்தை உடைச்சு நாசம் பண்றதை வாண்டலிசம்னு சொல்றோமே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமா?

கத்வூபெக்கை கேட்டா ஆமாம்பார்! அவர் விஸ்துலா ஆத்தை "வந்தலுஸ்"னு எழுதறார், இந்த ராணி பேரால தான் ஆத்துக்கு அந்த பேர் வந்துச்சு, அவ ஜனங்க தான் வாண்டல்கள்னு ஒரே இழுப்புல எல்லாத்தையும் முடிச்சு போட்டுடறார். நிஜத்துல வாண்டல்கள் கிபி 455ல ரோமை சூறையாடினவங்க, ஜெர்மானிய மொழி பேசினவங்க, அவங்க பேரால தான் பிற்பாடு வாண்டலிசம்ங்கற சொல் வந்துச்சு. மத்தியகால எழுத்தாளர்கள் நிறைய பேர் வாண்டல்னா ஸ்லாவியர்னு குழப்பிக்கிட்டாங்க, இவரும் அதே வண்டியில ஏறிட்டார். சில ஆராய்ச்சியாளர்கள் இதையே திருப்பி பாக்கறாங்க, அதாவது ராணி பேரால ஆத்துக்கு பேர் வரல, வந்தலுஸ்ங்கற ஆத்துப் பேரை வச்சு தான் அவர் ராணிக்கே பேர் செஞ்சிருக்கார்னு. மேல சொன்ன எல்லா வாதத்துலயும் எனக்கு இது தான் மனசுக்கு ஒத்து வருது, இதுக்கு அந்த ஒரு ஏட்டை விட்டு வெளிய போகவே வேண்டியதில்ல.

வாண்டா கல்லறை இருக்காமே, போய் பாக்கலாமா?

தாராளமா. கிராக்குவ் கிழக்குப் பக்கம் நோவா ஹூத்தா ஏரியாவுல இருக்கு, 14 மீட்டர் உயர மண்மேடு, கோபியெத்ஸ் வந்தின்னு பேரு, வாண்டாவோட மேடுன்னு அர்த்தம். ஆத்துல இருந்து உடலை எடுத்து இங்க புதைச்சாங்கன்னு கதை. பக்கத்து ஊர் பேரே மொகீவா, அதுக்கு புதைமேடுன்னு தான் பொருள். மேட்டு உச்சியில பளிங்குல ஒரு கழுகு உக்காந்திருக்கும், ஓவியர் யான் மதேய்கோ வடிவமைச்சது, 1890ல வச்சாங்க, அவருக்கு பக்கத்துலயே வீடு இருந்துச்சு. அதுல வாளும் நூல் நூக்கற கழியும் குறுக்கா போட்டிருக்கும், கீழ வாண்டான்னு பேரு. வாளையும் நூல்கழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

அப்பா க்ராக்குக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் 16 மீட்டர்ல ஒரு மேடு உண்டு. அதை 1930கள்ல தோண்டி பாத்தாங்க, ராஜா கல்லறை எதுவும் கிடைக்கல. ரெண்டுல க்ராக் மேடு தான் டூரிஸ்ட் போற இடம், மேல ஏறினா ஊர் முழுக்க தெரியும். வாண்டா மேட்டுல இருந்து பாத்தா பக்கத்துல இரும்பாலை தான் தெரியும், நோவா ஹூத்தாவே 1949ல ஆரம்பிச்சு கட்டின கம்யூனிஸ்ட் காலத்து நகரம். ட்ராம்ல போயிடலாம். நான் போன ஞாயித்துக்கிழமை ஒரு தாத்தா நாயை நடத்திட்டு இருந்தார், வேற ஆளே இல்ல.

கதைக்கு இவ்ளோ வயசுன்னா, பேரும் அப்ப இருந்தே வைக்கறாங்களா?

இல்ல, அது தான் பலருக்கும் ஆச்சரியம். கதை 800 வருஷ பழசு, ஆனா வீட்டுக்கு வீடு பேரா பரவினது 19ஆம் நூற்றாண்டுல. காரணம் அரசியல். 1772, 1793, 1795னு மூணு தடவையில ரஷ்யா, பிரஷ்யாங்கற ஜெர்மன் ராஜ்யம், ஆஸ்திரியா மூணு பேரும் சேந்து போலந்தை பங்கு போட்டு முடிச்சுட்டாங்க, 1918 வரைக்கும் வரைபடத்துல போலந்துன்னு ஒரு நாடே கிடையாது. அந்த சமயத்துல பழங்கதை எல்லாம் திடீர்னு உயிர் பெத்துச்சு, ஏன்னா நாடு இல்லாதவனுக்கு கதை தானே சொத்து. பொண்ணுக்கு வாண்டான்னு பேர் வச்சா அதுக்கு ஒரு தனி அழுத்தம். "ஜெர்மன்காரனை வேணாம்னு சொன்ன வாண்டா"ங்கறது போலிஷ்ல பழமொழி மாதிரியே ஆயிடுச்சு. பிரஷ்யா பிடிச்சு வச்ச பக்கம் பள்ளிக்கூடத்துல ஜெர்மன் மொழியை திணிச்சாங்க, 1901ல விஜெஷ்னியாங்கற ஊர்ல பசங்க ஜெர்மன்ல ஜெபம் சொல்ல மாட்டோம்னு அடி வாங்கினாங்க, அப்படிப்பட்ட காலத்துல வாண்டான்னு ஒரு பேர் ஜெர்மன் வாத்தியாரோட வருகைப் பதிவேட்டுல உக்காந்திருக்கும், அவரே தினமும் அதை வாய்விட்டு கூப்பிட்டாகணும்.

வேடிக்கை என்னன்னா ஜெர்மன்காரங்களுக்கும் இந்த பேர் பிடிச்சு போச்சு. 1808ல வைமார்ல வாண்டாவை வச்சு ஒரு ஜெர்மன் நாடகமே மேடை ஏறிச்சு, ஏத்தினது சாட்சாத் ஜெர்மன் மகாகவி கோத்தே. பிரஷ்ய இளவரசி லூயிஸை கட்டிக்கிட்ட போலிஷ் பிரபு அந்தோனி ரஜிவிவ், 1813ல பிறந்த பொண்ணுக்கு வாண்டான்னு பேர் வச்சார். அப்புறம் செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் இந்த கதையை ஓபராவா பண்ணி 1876ல ப்ராக்ல அரங்கேத்தினார். இங்கிலாந்து பக்கம் பேர் பரவினதுக்கு 1883ல வந்த ஒரு நாவலை காரணமா சொல்லுவாங்க, அந்த நாவல் பேரே வாண்டா தான்.

இதை எல்லாம் தூக்கி சாப்பிடற ஒண்ணு இருக்கு. இரண்டாம் உலகப் போர்ல இத்தாலியில போலிஷ் இரண்டாவது படைப்பிரிவு ஜெர்மனிக்கு எதிரா சண்டை போட்டுச்சு. அந்த வீரர்களோட மனசை கலைக்க ஜெர்மன்காரங்க 1944ல போலிஷ் மொழியில ஒரு பிரச்சார ரேடியோ நடத்தினாங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு "வாண்டா". ஜெர்மன்காரனை வேணாம்னு சொன்னவ பேரையே ஜெர்மன்காரன் ரேடியோவுக்கு வச்சு, வாங்க எங்க பக்கம்னு கூப்பிட்டா யாரு போவா சொல்லுங்க.

புனித வாண்டான்னு யாராவது இருக்காங்களா?

பழைய புனிதர் பட்டியல்ல அப்படி ஒரு பேர் கிடையாது. கத்தோலிக்க நாட்டுல புனிதர் இல்லாத பேரு, அதுவும் கதைப்படி பல தெய்வங்களை கும்பிட்டு தற்கொலை பண்ணிக்கிட்டவ பேரு, இவ்ளோ பரவினது பெரிய விஷயம் தான்.

ஆனா பேர்நாள் உண்டு, இமியெநீனி. போலந்து காலண்டர்ல ஒவ்வொரு தேதிக்கும் ரெண்டு மூணு பேர் போட்டிருக்கும், அந்த பேர் உள்ளவங்க அன்னைக்கு கொண்டாடுவாங்க, பெரியவங்களுக்கு பிறந்தநாளை விட இது தான் முக்கியம். வாண்டாவுக்கு ஜூன் 23. அன்னைக்கு சாயங்காலம் கோடை நடுப்பகுதி திருவிழா வேற, மாலை கட்டி மெழுகுவத்தி வச்சு ஆத்துல விடுவாங்க, வியாங்கின்னு பேரு, கிராக்குவ்ல இதை வாண்டா கதையோட சேத்தும் சொல்லுவாங்க. மாலை விடறது வாண்டா கதையை விட பழைய பழக்கம், ஆனா அதே ஊரு அதே ஆறு, சேராம இருக்குமா.

செல்லமா எப்படி கூப்பிடுவாங்க?

இங்க நமக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கு. வாண்டாவோட செல்லப்பேர் போலிஷ்ல "வஞ்சா". அப்படியே நம்ம வஞ்சி மாதிரி. இன்னும் கொஞ்சணும்னா வந்தெச்கா, வந்தூஷா. கொஞ்சம் உரிமையா, சில சமயம் கோவமா சொன்னா வந்த்கா.

பேர் வேற்றுமைக்கு வேற்றுமை மாறும், அதுக்கு பயப்படாதீங்க, தமிழ் படிச்சவனுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. நாம வாண்டாவோட, வாண்டாவுக்கு, வாண்டாவைன்னு சொல்ற மாதிரி தான் அவங்க வந்தி, வஞ்சே, வந்தென்னு மாத்தறாங்க. நமக்கு எட்டு வேற்றுமை, அவங்களுக்கு ஏழு. கடைசியில வர்றது ரெண்டு பக்கமும் விளி வேற்றுமை தான். கூப்பிடும்போது "வந்தா" இல்ல, "வந்தோ!" நான் வந்த புதுசுல ஓனரம்மாவை வெறும் வந்தான்னு கூப்பிட்டு ஒரு மாதிரி பாத்தாங்க, பெரியவங்களை அப்படி கூப்பிட கூடாது, முன்னாடி பானின்னு சேத்து "பானி வந்தோ"ன்னு சொல்லணும், நம்ம அம்மா சேக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க.

பிரபலமான வாண்டா யாரு யாரு?

நிறைய. ஆனா ஒருத்தர் பத்தி சொல்லாம விட மாட்டேன், வாண்டா ருத்கியேவிச், மலையேறினவர். 1943ல லிதுவேனியாவுல பிறந்தவர். 1978 அக்டோபர் 16ஆம் தேதி எவரெஸ்ட் உச்சிக்கு போனார், உலகத்துலயே மூணாவது பெண், முதல் ஐரோப்பிய பெண், அதுக்கு முன்னாடி போலந்துல ஆம்பளை கூட ஒருத்தரும் ஏறினதில்ல. அதே நாள்ல தான் ரோம்ல கிராக்குவ் ஆர்ச்பிஷப் வொய்திவா, இரண்டாம் ஜான் பால்ங்கற பேர்ல போப்பா தேர்வானார். அடுத்த வருஷம் அவர் ஊருக்கு வந்தப்ப ருத்கியேவிச் எவரெஸ்ட்ல இருந்து எடுத்துட்டு வந்த கல்லை அவருக்கு குடுத்தார். இன்னும் கேளுங்க. 1986ல, உலகத்துலயே ரெண்டாவது உயரமான மலையான கே2 உச்சிக்கு போன முதல் பெண்ணும் இவர் தான், தேதி ஜூன் 23. மேல சொன்னேனே, அதே பேர்நாள்! ஆனா கொண்டாட முடியாத நாள், கூட உச்சிக்கு வந்த பிரெஞ்சு தம்பதி இறங்கும்போது செத்துப் போனாங்க. 1992 மே மாசம் கஞ்சன்ஜங்கா ஏறும்போது ருத்கியேவிச்சும் காணாம போனார். அந்த எவரெஸ்ட் பயணம் ஜெர்மன்-பிரெஞ்சு கூட்டுக் குழுவோட தான், ஜெர்மன்காரனை வேணாம்னு சொன்ன வாண்டான்னு கிண்டல் பண்ணாம இருந்திருப்பாங்களா என்ன.

இசை பக்கம் வாண்டா லந்தோவ்ஸ்கா, 1879ல வார்சாவுல பிறந்தவர். ஹார்ப்சிகார்ட்ங்கற, பியானோவுக்கு முந்தின காலத்து வாத்தியத்தை யாரும் சீண்டாத காலத்துல மேடைக்கு திருப்பி கொண்டு வந்தவர், பாக்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளரோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அந்த வாத்தியத்துல முதல் முதலா 1933ல ரெக்கார்ட் பண்ணார். வாண்டா க்ரஹெல்ஸ்கா வேற ரகம், இருபது வயசு சுமார்ல, 1906ல வார்சாவுல ரஷ்ய கவர்னர் மேல குண்டு வீசின குழுவுல இருந்தவர், அதே மனுஷி 1942ல ஜெகோத்தாங்கற ரகசிய அமைப்பு தொடங்க காரணமான ரெண்டு பெண்கள்ல ஒருத்தர், நாஜிகள்கிட்ட இருந்து யூதர்களை ஒளிச்சு வச்சு காப்பாத்தின அமைப்பு அது.

நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் நல்ல சம்பந்தம். வாண்டா திநோவ்ஸ்கா. 1888ல பிறந்தவர், போலந்துல பிரம்மஞான சபையை வளத்தவர், 1935ல இந்தியா வந்தார், அப்புறம் இங்கயே தங்கிட்டார். இங்க எல்லாருக்கும் அவர் உமாதேவி. திருவண்ணாமலையில ரமணர் கிட்ட வந்து போனவர், காந்தியோட பழக்கம். 1944ல மெட்ராஸ்ல மாரிஸ் ஃப்ரிட்மன்ங்கற இன்னொரு போலிஷ்காரரோட சேந்து போலந்து-இந்திய நூலகம்னு ஒரு பதிப்பு வரிசை ஆரம்பிச்சார், இந்திய நூல்களை போலிஷ்ல கொண்டு வர்றதுக்கு. பகவத்கீதை அதுல வந்துச்சு. 1958ல திருக்குறளும் வந்துச்சு! போலிஷ்ல முதல் குறள், மெட்ராஸ்ல அச்சடிச்சது, மொழிபெயர்த்தவர் பேரு வாண்டா. பிற்பாடு திபெத் அகதிகளுக்காக உழைச்சு, 1971ல மைசூர்ல இறந்தார். இதை ஓனரம்மாகிட்ட சொன்னப்ப தான் அவங்க முதல் தடவையா என்னை உள்ள கூப்பிட்டு டீ போட்டு குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி எல்லாம் வாசல்ல நின்னு தான் பேச்சு.

மார்வெல்ல வர்ற வாண்டா போலந்துக்காரியா?

இல்ல. வாண்டா மாக்ஸிமாஃப் 1964ல காமிக்ஸ்ல அறிமுகமான பாத்திரம், படத்துல அவ ஊர் சொகோவியான்னு காட்டறது கற்பனை நாடு. கிழக்கு ஐரோப்பா வாசனை அடிக்கற பேரு வேணும்னு வச்சிருப்பாங்க. மாட்ரிட்ல அட்லெடிகோ டீமோட ஸ்டேடியம் 2017ல இருந்து 2022 வரைக்கும் வாண்டா மெட்ரோபோலிடானோன்னு இருந்துச்சே, அதுவும் இது இல்ல, ஸ்பான்சர் பண்ண சீன கம்பெனி பேரு அது. வெண்டியும் வேற பேரு.

இப்ப பொறக்கற குழந்தைக்கு வைக்கறாங்களா?

ரெண்டு உலகப் போருக்கு நடுவுல ரொம்ப சாதாரணமா வச்ச பேரு. இப்ப வாண்டான்னா நம்ம ஊர்ல சரோஜான்னு சொன்னா என்ன தோணுமோ அதே தான், முதல்ல ஒரு பாட்டி தான் கண்ணுல வருவாங்க. ஸோஃபியா, ஹெலேனா மாதிரி பாட்டி காலத்து பேரெல்லாம் மறுபடி ஃபேஷன் ஆயிருக்கு, வாண்டா அந்த அளவுக்கு ஏறல. போலந்துல செட்டில் ஆன நம்ம ஜோடி ஒண்ணு பொண்ணுக்கு வைக்கலாமான்னு கேட்டாங்க. வைங்க, ஆனா ஊர்ல இருந்து பாட்டி போன் பண்ணி "வந்தா வந்துட்டாளா"ன்னு கேப்பாங்க, அதுக்கு ரெடியா இருங்கன்னு சொன்னேன். அப்புறம் மாயான்னு வச்சுட்டாங்க.

தெரிஞ்சவங்க வாண்டா இருக்காங்க, ஜூன் 23க்கு என்ன பண்ணணும்?

நேர்ல போய் "வ்ஷிஸ்த்கியெகோ நாய்லெப்ஷெகோ"ன்னு சொல்லணும், எல்லாம் நல்லதா நடக்கட்டும்னு அர்த்தம், நடுவுல நாய் வருதேன்னு சிரிச்சுடாதீங்க. கூட்டமா இருந்தா நூறு வருஷம் வாழ்கன்னு "ஸ்தோ லாத்" பாட்டு பாடுவாங்க, வாயசைச்சா போதும். கையில கேக் இல்ல பூ. பூ வாங்கினா மட்டும் எண்ணி ஒத்தப்படையா வாங்குங்க, ரெட்டப்படை இங்க சாவு வீட்டுக்கு. நான் போன வருஷம் ஆறு ரோஜாவோட போய் நின்னேன், பானி வாண்டா ஒண்ணும் சொல்லாம ஒண்ணை உருவி என் சட்டைப்பையில சொருகிட்டு மீதி அஞ்சை ஜாடியில வச்சாங்க.